நாயைப் பார்த்து வேலைக்குச் சேர்ந்தவன்

கயத்தாறு பைபாஸில் என் பஞ்சர் கடைக்கு வருகிற டிரைவர்களில் நந்தகோபாலைப் போல ஒரு வெள்ளந்தியை நான் பார்த்ததில்லை. வெள்ளந்தி என்று மரியாதைக்குச் சொல்கிறேன். அவன் முகத்துக்கு நேரே வேறு வார்த்தை சொல்லித்தான் பழக்கம்.

ஆடு மேய்க்கிற குடும்பம். அப்பாவோடு ஊர் ஊராகக் கிடை போட்டுத் திரிந்தவன், பிறகு குட்டியானை வண்டியில் சந்தைக்கு ஆடு ஏற்றினான். போன வருஷம் ஹெவி லைசென்ஸ் எடுத்துவிட்டு, இனி லாரிதான் என்று நின்றான். யாருடைய லாரி என்பதுதான் பாக்கி. புதிதாக லைசென்ஸ் எடுத்தவன் கையில் எந்த முதலாளியும் லேசில் வண்டியைத் தரமாட்டார். எப்படியோ இரண்டு பேர் தரச் சம்மதித்திருந்தார்கள். ஒருவர் குளத்தூரில் உப்பு லோடுக்கு லாரி வைத்திருக்கிற சோலைமுத்து. இன்னொருவர் என் கடைக்குப் பக்கத்திலேயே லாரி ஷெட் வைத்திருக்கிற செண்பகராஜ்.

அவன் மனைவி பிரித்திகா அப்போது இரண்டாவது பிள்ளையைச் சுமந்துகொண்டிருந்தாள். மூத்த பெண் பிறந்தபோது இவன் எங்கோ கிடையில் இருந்தான், போனில் சார்ஜ் இல்லை. மூன்றாம் நாள் கிடா வாசனையோடு வந்து தொட்டிலை எட்டிப் பார்த்தவனை அவள் இன்னும் மன்னிக்கவில்லை. எப்படி மன்னிப்பாள்?

"எந்த லாரி வேணும்னாலும் ஓட்டுங்க. எனக்கு வலி எடுக்குத அன்னைக்கு நீங்க இங்கன இருக்கணும். இல்லன்னா பேர் வைக்கவும் வராதீங்க" என்று சொல்லிவிட்டாள். சொன்னால் செய்கிற பெண். ஆகவே கூப்பிட்ட நேரத்தில் லீவு கொடுக்கிற முதலாளி எவர் என்று நந்தகோபால் கண்டுபிடித்தாக வேண்டும்.

அதற்கு அவனிடம் ஒரு வழி இருந்தது. கிடை போடுவது என்றால், அறுவடை முடிந்த காட்டில் ராத்திரி ஆடுகளை அடைத்துப் போடுவது. புழுக்கை நிலத்துக்கு உரம். பதிலுக்கு நிலத்துக்காரர் கிடைக்காரனுக்குச் சோறு போடவேண்டும். பழக்கமில்லாத ஊரில் யார் ஒழுங்காகப் போடுவார் என்று எப்படித் தெரியும்? நந்தகோபால் வீட்டார் நிலத்துக்காரர் வீட்டு நாயைப் பார்ப்பார்கள். நாய் கொழுத்திருந்தால் அந்த வீட்டில் கை தாராளம். விலா தெரிந்தால் ஆட்டை அடுத்த ஊருக்கு ஓட்டிவிடுவார்கள். இத்தனை காலமும் அந்தக் கணக்கு தப்பியதில்லையாம்.

குளத்தூருக்குத்தான் முதலில் போனான். சோலைமுத்து பேச்சில் கருமி. "லீவு எல்லாம் தருவீங்களா அண்ணாச்சி?" என்று கேட்டதற்கு, "பாப்போம்" என்றார். டீ வாங்கிவரச் சொன்னார். டீ வந்தது. அப்போதுதான் லாரிக்கு அடியில் படுத்திருந்த நாய் இவன் கண்ணில் பட்டது. எலும்பும் தோலுமாக, எழுந்திருக்கவே தெம்பில்லாமல் கிடந்தது. இவன் டம்ளரை அப்படியே வைத்துவிட்டுப் பஸ் ஏறிவிட்டான்.

செண்பகராஜோ வாயைத் திறந்தால் தேன். "லீவுதானப்பா, ஒரு போன் போட்டாப் போதும்" என்றார். ஷெட் வாசலில் ஒரு நாய் படுத்திருந்தது. கழுத்தில் மடிப்பு விழுந்து, தன் காதைச் சொறிய முயன்று வயிறு இடித்து, முயற்சியைக் கைவிட்ட நாய். நந்தகோபாலுக்குக் கண் நிறைந்துவிட்டது. அன்றைக்கே சாவியை வாங்கிவிட்டான்.

பக்கத்துக் கடையில் நான் ஒருத்தன் இருக்கிறேன். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

பெங்களூருக்கும் கயத்தாறுக்குமாக ஓடிக்கொண்டிருந்தான். பிரித்திகாவுக்கு மாதம் நெருங்கியதும் செண்பகராஜிடம் போய் லீவு சொல்லி வைத்தான். அவர் காலண்டரைக்கூடப் பார்க்கவில்லை. "லோடு இல்லாத நாளாப் பாத்துப் பெறச் சொல்லு" என்றார்.

இவன் நேரே என் கடைக்கு வந்து டயர் மேல் உட்கார்ந்தான். "நாய் நல்லாத்தானண்ணே இருந்துச்சு" என்றான்.

"எந்த நாய்லே?"

கதை முழுவதையும் சொன்னான். எனக்குச் சிரிப்பு வந்தது, அதைவிடக் கோபம் வந்தது. வாசலில் கிடக்கிற நாய் செண்பகராஜுடையதே இல்லை. எதிரே இருக்கிற பரோட்டாக் கடை நாய். சாப்பிடுவது அங்கே, செரிப்பதற்கு இங்கே நிழலில் வந்து படுக்கும். அதன் பேரே சால்னா. செண்பகராஜ் அதன் மேல் தண்ணீர் ஊற்றி விரட்டியதைத் தவிர வேறு எதுவும் ஊற்றியதில்லை.

"அப்ப குளத்தூர் நாய்?" என்று கேட்டான்.

அதையும் நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. டயர் மாட்டப் போகும்போதெல்லாம் அதைப் பார்ப்பேன். கிழட்டு நாய், வாயில் ஒரு பல் கிடையாது. சோலைமுத்து இட்லியைத் தயிரில் பிசைந்து, மடியில் தலையைத் தூக்கி வைத்து ஊட்டுவார். அவர் கையால்தான் அது உயிரோடு கிடக்கிறது. "ஆட்டு வாயப் பிளந்து பல்லப் பாத்து வயசு சொல்லுவியே, நாய் வாயப் பாத்தியாலே?" என்று கேட்டேன். டயரை விட்டு எழுந்தான். நானும் அதோடு விட்டேன்.

மறுநாள் செண்பகராஜிடம் சாவியைக் கொடுத்துவிட்டுக் குளத்தூர் போனான். சோலைமுத்துவுக்கு அதுவரை சரியான ஆள் அமையவில்லை. "அன்னைக்கு ஏன் டீயக்கூடக் குடிக்காம ஓடுன?" என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. நந்தகோபாலுக்குப் பொய் சொல்ல வராது. நாயிலிருந்து ஆரம்பித்துப் பிரித்திகா வரை எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். அவர் இருமல் வரும்வரை சிரித்தார். "அப்ப நீ என்னப் பாக்க வரல, நாயப் பாக்கத்தான் வந்திருக்க" என்று சொல்லிச் சாவியைக் கொடுத்தார். லீவைப் பற்றி அப்போதும் "பாப்போம்" என்றுதான் சொன்னார். அந்த ஒரு வார்த்தையை நினைத்துக்கொண்டேதான் இவன் தினமும் ஓட்டினான்.

வலி எடுத்த செய்தி வந்த காலை, லாரியில் உப்பு ஏற்றித் தார்ப்பாய் கட்டிக்கொண்டிருந்தான். மறுநாள் விடியுமுன் ஈரோட்டில் இறக்கவேண்டிய உப்பு. போனை வைத்துவிட்டுச் சோலைமுத்துவிடம் ஓடினான். அவர் லாரிச் சாவியைப் பிடுங்கிக்கொண்டு, தன் பைக் சாவியைக் கையில் திணித்தார்.

"லோடு, அண்ணாச்சி?"

"ஆள் இருக்கு. நீ போலே."

கோவில்பட்டி ஆஸ்பத்திரியில் இவன் போய் நின்றதும் பிரித்திகா செய்த முதல் காரியம் திட்டியதுதான். அவ்வளவு வலியிலும் மூன்று வருஷப் பாக்கியை மொத்தமாகத் தீர்த்தாள். இவன் வாங்கிக்கொண்டே சிரித்தானாம். நர்ஸ் வெளியே தள்ளிவிட்டார். சாயங்காலம் பெண் பிள்ளை பிறந்தது. முதல் போன் சோலைமுத்துவுக்குத்தான் போட்டான். அவர் குரலுக்குப் பின்னால் லாரிகளின் ஹாரன் சத்தம் கேட்டது.

"அண்ணாச்சி, எங்க இருக்கீங்க?"

"திண்டுக்கல் தாண்டி ஓரங்கட்டி டீ குடிக்கேன். நீ ஏம்லே சீட்ட இவ்வளவு முன்னாடி இழுத்து வச்சிருக்க? முட்டு ஸ்டியரிங்ல இடிக்கி. பிள்ள என்ன பிள்ளலே?"

முட்டு தேய்ந்து, டாக்டர் கூடாதென்று சொல்லி, இரண்டு வருஷமாக லாரியில் ஏறாத மனிதர். ஆள் இருக்கு என்று சொன்னது தன்னைத்தான். நந்தகோபால் பிள்ளை என்னவென்று சொல்ல வாயெடுத்தான், அழுகைதான் வந்தது. கண்ணும் மூக்கும் ஒழுக உள்ளே போனான்.

கட்டிலில் கிடந்த பிரித்திகா ஒரு பார்வை பார்த்தாள். "ரெண்டாவதும் பொம்பளப் பிள்ளன்னு அழுதீங்களோ?"

"இல்லட்டி. சோலைமுத்து அண்ணாச்சி லாரி ஓட்டுதாவ."

"அவிய லாரி ஓட்டுனா நீங்க ஏன் அழுதீங்க?"

அவன் பிள்ளையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் அழுதான்.