கம்பியக்காவின் வெள்ளைத் துணி

என் அக்கா ஒவ்வொரு வண்டிக்கும் எழுபத்திரண்டு கம்பிகளை எண்ணித் துடைப்பவள். முன் சக்கரத்தில் முப்பத்தாறு, பின் சக்கரத்தில் முப்பத்தாறு. "கம்பி எண்ணணும்னா திருடணும்னு யார் சொன்னது? நான் சம்பளம் வாங்கிட்டு எண்ணுறேன்" என்பாள். மோட்டார் சைக்கிள் பட்டறையில் முதலாளி முதல் பஞ்சர் ஒட்டுபவர் வரை அவளைக் கம்பியக்கா என்றே அழைத்தார்கள். அங்கே வேலைச் சீட்டு எழுதுபவன் நான். சீட்டிலும் அந்தப் பெயரையே எழுதிவந்தேன். எனக்கு மட்டும் அது இரண்டு வகையிலும் பொருந்தியது.

தரை கூட்டும் வேலைக்குத்தான் அவள் அங்கே சேர்ந்தாள். கழுவும் ஆட்கள் வண்டியை நனைத்துவிட்டுத் தேநீருக்குப் போய்விடுவதையும், கம்பி ரிம்மோடு சேரும் இடத்தில் உள்ள நிப்பிளுக்குள் தங்கிய நீர் இரண்டு வாரத்தில் துருவாகத் திரும்பி வருவதையும் கூட்டியபடியே கவனித்தாள். அவளுக்கு எவரும் எதையும் கற்றுத்தரவில்லை. தன் மதிய உணவைச் சுற்றி வந்த அலுமினியத் தாளைக் கசக்கி, நீரில் நனைத்து, ஒரு துருப்பொட்டின்மேல் தேய்த்தாள். குரோமில் கீறல் விழவில்லை. பொட்டு போய்விட்டது. மறுநாளே துடைப்பத்தை மூலையில் சாய்த்துவைத்துவிட்டுச் சக்கரத்தின் முன் உட்கார்ந்தாள்.

அவளுடைய முறையை நான் கேட்டு எழுதி வைத்திருக்கிறேன். சூடான சக்கரத்தில் நீர் ஊற்றக் கூடாது. முதலில் வெறும் நீர், பிறகு சோப்பு நீர். நிப்பிளுக்குக் குழந்தைகளின் பல் துலக்கி. கம்பிக்குத் துணிப் பட்டையைச் சுற்றி, செருப்புக்குப் பாலிஷ் போடுவதுபோல் இரு முனைகளையும் மாறி மாறி இழுக்க வேண்டும். காற்றுக் குழாயால் உலர்த்தியபின், மெக்கானிக் ஒருவர் வண்டியை ஓட்டித் தெருவை இருமுறை சுற்றி வர வேண்டும்; ஒளிந்திருக்கும் நீர் அந்தச் சுழற்சியில்தான் தெறித்து வெளியேறும். அதற்கும் பிறகே மெல்லிய மெழுகுப் பூச்சு. டயரிலும் பிரேக்கிலும் அதில் ஒரு துளி படக் கூடாது.

இவ்வளவோடும் அவள் விடமாட்டாள். ஒரு வெள்ளைத் துணிப் பட்டையை எழுபத்திரண்டு கம்பிகளிலும் கடைசியாக ஒருமுறை ஓட்டுவாள். பட்டை வெள்ளையாகவே இருந்தால் அதை வேலைச் சீட்டின் பின்புறம் பின் அடித்து, தேதி போட்டு, வண்டிக்காரரிடம் கையெழுத்து வாங்குவாள். கறை தெரிந்தால் மறுபடியும் சோப்பு நீர்.

அந்தத் துணி என் பனியன்.

"நல்லாத்தானே இருந்துச்சு அந்தப் பனியன்?" என்று ஒருநாள் கேட்டேன்.

"அதனாலதான்டா எடுத்தேன். கிழிஞ்ச அழுக்குத் துணியை வச்சு என்னத்தை நிரூபிக்கிறது?"

பல் டாக்டர் ஒருவர் அடுத்த தெருவில் புதிதாக மருத்துவமனை திறந்திருந்தார். பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றை ஆசையாக வாங்கி வைத்திருந்தார். பன்னிரண்டாம் தேதி அதன் சக்கரங்களை அக்கா துடைத்துக் கொடுத்தாள். பட்டை வெள்ளை. டாக்டர் கையெழுத்திட்டு, ரிம்மில் தன் முகத்தைப் பார்த்து மீசையை ஒதுக்கிக்கொண்டு போனார். இருபத்தாறாம் தேதி காலை அதே வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். இரண்டு ரிம்மிலும் மிளகுத்தூள் தூவியதுபோல் துரு.

"ஆசிட் போட்டுத்தானே கழுவினீங்க? மறைக்காதீங்கம்மா. ஆசிட் என்ன பண்ணும்னு தினம் பல்லுல பார்க்கிறவன் நான்."

"இந்தப் பட்டறையில ஆசிட்டே கிடையாது டாக்டர். என் கையைப் பாருங்க. ஆசிட் தொட்ட கை இப்படியா இருக்கும்?"

நான் சீட்டை எடுத்து வந்து நீட்டினேன். முதலாளி அதைக் கையில் வாங்கவேயில்லை.

"சீட்டு எழுதினது யாரு? தம்பி. துணி யாரோடது? தம்பியோட பனியன். குடும்பமே சேர்ந்து சாட்சி சொன்னா எப்படிய்யா ஏத்துக்கிறது?"

நின்றிருந்தவர்கள் சிரித்தார்கள். அந்தச் சீட்டின் பின்புறம் டாக்டரின் கையெழுத்து இருந்தது. எவரும் திருப்பிப் பார்க்கவில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

அன்று நண்பகலுக்குள் 'குரோம் சக்கர வேலை: கம்பியக்கா' என்ற பலகை கழற்றப்பட்டது. அவளை உதிரிப்பாகக் கவுண்டருக்கு மாற்றினார்கள். ஒன்றாம் தேதி முதல் சக்கர மேடைக்கு வேறு ஆள், அவர் வேகக் குழாயால் அடித்துக் கழுவுவார் என்று முதலாளி அறிவித்தார். நடுவில் நான்கு நாள்களே இருந்தன. நான் தேதியிட்டு முதலாளிக்கு மூன்று கடிதங்கள் கொடுத்தேன். அக்கா கவுண்டரில் போல்ட்டுகளை அளவுவாரியாகப் பிரித்துக்கொண்டு, "இதுக்குக் கம்பியே தேவலை, உருண்டு ஓடாது" என்று சிரித்தாள். ஆனால் வெளியே யாராவது சக்கரத்தை ஈரமாக நிறுத்தியிருந்தால், கவுண்டரைத் தாண்டிப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

இதற்கிடையில் அவளுடைய கடைவாய்ப்பல் வலி முற்றியது. நடந்து போகும் தூரத்தில் இருந்தவர் அந்த டாக்டர் ஒருவரே.

"அங்கேயா போகணும்?" என்றேன்.

"பல்லுக்கு என்னடா தெரியும் என் சண்டை?"

இருபத்தொன்பதாம் தேதி மாலை அவள் வலியோடு போனாள். நான் சீட்டும் கடித நகல்களும் வைத்த கோப்போடு போனேன்.

டாக்டர் எங்களைப் பார்த்துச் சற்று நெளிந்தார். இருந்தாலும் அக்காவை நாற்காலியில் சாய்த்து, விளக்கை வாய்க்கு நேரே இழுத்து, மரத்துப்போகும் ஊசி போட்டு வேலையைத் தொடங்கினார். கொஞ்ச நேரத்தில் அக்கா கையை உயர்த்தினாள்.

"வலிக்குதா?"

அவள் இல்லையென்று தலையை ஆட்டினாள். மறுபடியும் கையை உயர்த்தி மேலே காட்டினாள். வாயில் பஞ்சும் குழாயும் இருந்ததால் "ஆ... ஆ..." என்பதற்கு மேல் ஒன்றும் வரவில்லை.

"பேசாதீங்கம்மா. அசையாதீங்க."

அவள் அசையாமல் அரை மணி நேரம் கிடந்தாள். கண் மட்டும் விளக்கைவிட்டு நகரவில்லை. பல்லை அடைத்து முடித்ததும் எழுந்து, துப்பிவிட்டு, மரத்த உதட்டைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்:

"டாக்டர், உங்க விளக்கையும் நான்தான் கழுவினேனா?"

விளக்கைத் தாங்கிய குரோம் கையில் மிளகுத்தூள் தூவியிருந்தது. டாக்டர் உட்காரும் முக்காலியின் கால்களிலும் அதே தூவல். அவர் குனிந்து பார்த்தார். நிமிர வெகுநேரம் ஆனது.

"இந்தத் தரையை எதை வச்சுக் கழுவினாங்க?" என்றாள் அக்கா.

டாக்டர் மேசை இழுப்பறையைத் திறந்து ரசீதுகளைப் புரட்டினார். அவரும் காகிதங்களைச் சேர்த்துவைப்பவர்தான் என்று அப்போது அறிந்தேன். கொத்தனாரின் ரசீது கிடைத்தது. புதுத் தரையில் படிந்த சிமெண்ட் கறையை நீக்க ஆசிட் கழுவல், தேதி பத்தொன்பது.

"அன்னைக்கு மழை" என்றார் டாக்டர் மெல்ல. "வண்டி நனையக்கூடாதுன்னு உள்ளே தள்ளி வச்சேன். ஷட்டரையும் நானே இறக்கினேன்."

"இறக்கிட்டா புகை எங்க போகும்? குரோமைத் தேடித்தான் போகும். தெருவுல மழையில விட்டிருந்தாக்கூட இவ்வளவு ஆயிருக்காது." சொல்லிவிட்டு அவளே சமாதானமும் சொன்னாள்: "நல்லது நினைச்சுத்தானே பண்ணினீங்க."

நான் அந்த ரசீதின் நகலைக் கேட்டுப் பெற்றேன்.

மறுநாள் காலை டாக்டர் வண்டியோடு பட்டறைக்கு வந்து, மெக்கானிக்குகள் அனைவரும் கேட்க நடந்ததைச் சொன்னார். தப்பு தன்னுடையது என்றார்.

"சரி, சரி. இதைப் போய்ப் பெரிசு பண்ணாதீங்க" என்றார் முதலாளி.

"பெரிசு பண்ணினது நீங்கதான் முதலாளி" என்றாள் அக்கா. "பலகையை யார் கழட்டினாங்களோ அவங்களே மாட்டட்டும்."

முதலாளிக்கு உயரம் போதாது. ஸ்டூலின் மேல் ஏறி, நுனிக்காலில் நின்று, பலகையைப் பழைய ஆணியில் மாட்டினார். அக்கா கீழே நின்று, "இடப்பக்கம் கொஞ்சம் சாயுது" என்று மூன்று முறை சொன்னாள். மூன்றாவது முறை அது சாயவேயில்லை. வேகக் குழாய்க்காரருக்குத் தொலைபேசியில் வேண்டாம் என்று சொல்லப்பட்டது.

பிறகு அவள் தன் மேடையில் உட்கார்ந்தாள். நனைத்த அலுமினியத் தாள், பல் துலக்கி, சோப்பு நீர். நண்பகலுக்குள் மிளகுத்தூள் அநேகமாகப் போய்விட்டது. பின் ரிம்மில் மட்டும் பதினொரு சிறு குழிகள் நின்றன.

"இது போகாதா?" என்றார் டாக்டர்.

"நேத்து என் பல்லுக்கு என்ன சொன்னீங்க? போன மேல்பூச்சு திரும்பி வராது, இருக்கிறதைக் காப்பாத்தணும்னு சொன்னீங்கள்ல? அதேதான். வாரம் ஒருதடவை துடைச்சு மெழுகு போடுங்க."

"காலையும் ராத்திரியும் துலக்க வேண்டாமா?"

"உங்களுக்கு வேலை இல்லைன்னா துலக்குங்க."

கடைசிப் பட்டைக்காக நான் பழக்கத்தில் சட்டைப் பொத்தானைக் கழற்றப் போனேன். டாக்டர் தடுத்தார். தன் பையிலிருந்து பிரிக்காத கட்டுத்துணிச் சுருள் ஒன்றை எடுத்து, ஒரு முழம் வெட்டி, தானே சக்கரத்தின் முன் மண்டியிட்டார். அக்கா எண்ணினாள். நாற்பதாவது கம்பியில் அவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது.

"இன்னும் முப்பத்திரண்டு இருக்கு டாக்டர். அசையாதீங்க."

பட்டை வெள்ளையாகவே வந்தது. டாக்டர் சீட்டின் பின்புறம் கையெழுத்திட்டார். முதலாளி அதை வாங்கி, முன்னும் பின்னும் திருப்பிப் படித்து, சாட்சி என்று எழுதித் தானும் கையெழுத்திட்டார். அந்தச் சீட்டு என்னிடம் பத்திரமாக இருக்கிறது. என் மூன்று கடிதங்களுக்கு இதுவரை பதில் வரவில்லை.