மாடி வீட்டு சர்வர்

போன ஞாயிற்றுக்கிழமை காலை பதினொன்றேகால் மணிக்கு நான் என் மேனேஜரைச் சுட்டுக்கொண்டிருந்தேன்.

பதற வேண்டாம். கம்ப்யூட்டரில்தான். பன்னிரண்டு பேர் இரண்டு அணியாகப் பிரிந்து ஒருவரையொருவர் துரத்திச் சுடும் விளையாட்டு. அவரவர் வீட்டில் உட்கார்ந்தபடியே இன்டர்நெட் வழியாக ஆடலாம். ஆனால் எல்லோரையும் ஒன்றுசேர்க்க எங்காவது ஒரு கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். அதுதான் சர்வர். அது எங்கே இருக்கிறது? ஜோகுபாளையத்தில், நான் குடியிருக்கும் மாடி போர்ஷனில், பீரோவுக்கும் துணி ஸ்டாண்டுக்கும் நடுவில்!

எல்லாம் ஆபீஸ் கேன்டீனில் வாயை விட்டதன் பலன். வெளிநாட்டு சர்வரில் ஆடினால் எல்லாமே தாமதமாக நகர்கிறது என்று யாரோ அலுத்துக்கொண்டார்கள். நான் டீயைக் குடித்துவிட்டு எழுந்து போயிருக்கலாம். "என் வீட்டிலேயே ஒண்ணு வெச்சுடறேன்" என்றேன்.

வைத்தும்விட்டேன். ஒரு பழைய கம்ப்யூட்டர், ஒரு யூபிஎஸ், மோடத்தின் செட்டிங்ஸுக்குள் புகுந்து எதையெதையோ மாற்றிய மூன்று சாயங்காலங்கள். கரன்ட் ரொம்ப நேரம் நின்று மோடம் அணைந்து எழுந்தால் என் இணைப்பின் முகவரி எண் மாறிவிடும். உடனே பதினோரு பேருக்கும் புது எண்ணை எஸ்எம்எஸ் அனுப்புவேன். கல்யாணப் பத்திரிகை வைப்பவனுக்குக்கூட அவ்வளவு சிரத்தை இருக்காது.

நான்தான் அட்மின். ஒருநாள் லீவுக்கு மூன்று மெயில் எழுதுகிறவன், இங்கே மேனேஜரையே ஒரு பட்டனைத் தட்டி வெளியே தள்ளலாம். போதாததற்கு வாராவாரம் நானே முதலிடம். என்ன கை வேகம் என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். சர்வர் என் காலடியில் இருப்பதால் என் குண்டு மட்டும் உடனே போய்ச் சேர்கிறது, மற்றவர்கள் குண்டு ஊரைச் சுற்றிக்கொண்டு வருகிறது... இது ஆபீஸில் எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. என்னிடம்தான் யாரும் சொல்லவில்லை.

சரி, ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன்.

வாசலில் யாரோ மூச்சு வாங்கும் சத்தம். திரும்பினால், கீழ் வீட்டில் தனியாக இருக்கும் ஹவுஸ் ஓனர் முனிரத்தினம். தொழிற்சாலையில் முப்பது வருடம் வேலை பார்த்து ரிடையரானவர். முழங்கால் வலி. ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் கீழேயிருந்து கேட்டைத் தட்டுவாரே தவிர, மாடிப்படி ஏறி நான் பார்த்ததில்லை.

"தம்பி, அந்த வயரைக் கழட்டிடுங்க. இனிமே வாணாம்" என்றார்.

இன்டர்நெட் என் பெயரில்தான். ஜன்னல் வழியாக ஒரு வயரைக் கீழே இறக்கி அவர் கம்ப்யூட்டருக்கும் கொடுத்திருந்தேன். அவர் மகள் லதா ஆஸ்திரேலியாவில் இருக்கிறாள். தனக்குப் பிடித்தவரைக் கட்டிக்கொண்டாள். இவர் அந்தக் கல்யாணத்துக்குப் போகவில்லை. மூன்று வருடம் பேச்சே இல்லை. சில மாதங்களுக்கு முன் அவளே போன் செய்தாள். அதிலிருந்து ஞாயிறுதோறும் பதினொரு மணிக்கு, கேமராவில் முகம் பார்த்துப் பேச்சு. அந்தக் கேமராவை மாட்டிக் கொடுத்தவனும் நானே.

ஏன் சார் வேண்டாம் என்று கேட்டேன். தயங்கித் தயங்கிச் சொன்னார். முதல் பத்து நிமிடம் நன்றாகத்தான் போகிறதாம். மழை, சமையல், உடம்பு. அப்புறம் இவர் மனசைத் திடப்படுத்திக்கொண்டு கல்யாணப் பேச்சை எடுப்பார். அவ்வளவுதான், படம் அப்படியே நின்றுவிடும். குரல் போய்விடும். திரும்பக் கூப்பிட்டாலும் இணைப்பு தங்காது. எட்டு வாரமாக இதே கதை.

"அந்தப் பேச்சை எடுத்தாலே கட் பண்றா தம்பி. அவ மேல தப்பில்ல. கேக்க இஷ்டமில்ல, அவ்ளோதான்."

எங்கள் ஆட்டம் பதினொரு மணிக்கு. பன்னிரண்டு பேரும் வந்து சேர, சரியாகப் பத்து நிமிடம் ஆகும்.

எனக்குத் தெரியவே தெரியாது என்று எழுதத்தான் ஆசை. அடுத்தவர் எழுதிய புரோகிராமில் தப்பு கண்டுபிடிப்பதுதான் எனக்குச் சம்பளம் தரும் வேலை. இந்த ஆட்டம் கீழ் வீட்டுப் பேச்சைக் கெடுக்கிறதோ என்று நாலாவது வாரமே ஒரு சந்தேகம் வந்தது. அடுத்த வாரம் பார்க்கலாம் என்று தள்ளிவிட்டேன். அந்த வாரம் நன்றாக ஆடிக்கொண்டிருந்தேன்.

அப்போதாவது உண்மையைச் சொன்னேனா? "கம்பெனிக்காரன் லைன் சரியில்ல சார். நாளைக்கு கம்ப்ளெயின்ட் பண்றேன்" என்றேன். அவர் தலையாட்டிவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினார்.

என் மனைவி சுதா சமையலறை வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் குரலை உயர்த்தவில்லை.

"நீங்க போய்ச் சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

சர்வரை நிறுத்தினேன். பதினோரு பேர் என்ன ஏது என்று தெரியாமல் வெளியே விழுந்தார்கள். கீழே போனேன்.

அவர் கேமராவைப் பிடுங்கி டப்பாவில் வைத்துக்கொண்டிருந்தார். வீட்டிலிருந்து வெளியே போகிற வழி ரொம்பக் குறுகல், அது முழுவதையும் என் விளையாட்டு அடைத்துக்கொண்டது, உங்கள் குரலும் முகமும் மகளிடம் போய்ச் சேரவே இல்லை என்று திக்கித் திணறிச் சொல்லி முடித்தேன். அவருக்கு எவ்வளவு புரிந்ததோ... கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"அப்ப அவ கட் பண்ணலயா?"

"இல்ல சார். கட் பண்ணது நான்."

திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் எவ்வளவோ தேவலை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். டப்பாவை என்னிடம் நீட்டினார்.

"மாட்டுங்க தம்பி."

மாட்டினேன். லதா முகம் வந்தது. "லைன்தாம்மா இத்தனை நாளும் கட் ஆயிருக்கு" என்றார் இவர். அவள் ஹலோகூடச் சொல்லவில்லை. "அப்பா, உங்களுக்குத்தான் இன்னும் கோவம், அதான் பாதியில வெச்சுடறீங்கன்னு நெனச்சேன்" என்றாள்.

எட்டு வாரம்! இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருத்தி, நடுவில் நான் துப்பாக்கியோடு.

நழுவப் பார்த்தேன். வாசலைத் தாண்டும்போது அவர் சொன்னது காதில் விழுந்தது. "கல்யாணத்துக்கு வராதது என் தப்பும்மா." படம் நிற்கவில்லை. குரல் அறவில்லை. மீதியைக் கேட்காமல் படியில் போய் உட்கார்ந்துகொண்டேன்.

முக்கால் மணி நேரம் கழித்து என்னைக் கூப்பிட்டார். கண் சிவந்திருந்தது, முகம் தெளிந்திருந்தது. கேமரா முன்னால் என்னை நிறுத்தி மகளிடம் சொன்னார்: "லைன்ல ஏதோ ரிப்பேரும்மா. இந்தத் தம்பிதான் கண்டுபுடிச்சு சரி பண்ணாரு."

"ரொம்ப தேங்க்ஸ் அண்ணா" என்றாள் லதா.

நான் அவரைப் பார்த்தேன். அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பூமி பிளக்கும் என்று எதிர்பார்த்தேன். ஜோகுபாளையத்தில் அதெல்லாம் கேட்டவுடன் நடப்பதில்லை. பல்லைக் காட்டித் தலையாட்டினேன்.

ஆட்டத்தைச் சனிக்கிழமைக்கு மாற்றியாகிவிட்டது. மேனேஜர் ஜெயிக்கப்போகும் நேரத்தில் பொறுக்காமல் சர்வரை அணைத்துவிட்டேன் என்று ஆபீஸில் பேச்சு. பேசட்டும். நான் மறுக்கவில்லை.

பேச்சு பாதியில் அறுந்தால் எதிர்முனையில் இருப்பவர்மேல்தான் நமக்குக் கோபம் வருகிறது. ஒரு தடவை மாடியையும் எட்டிப் பார்த்துவிடுங்கள்... என்னைப்போல் ஒருத்தன் இருக்கக்கூடும்.