மண்ணெண்ணெய்ப் பழி

தாயில்பட்டி தங்கச்சாமியைப் பற்றி எழுதுவதென்றால் அவனுடைய நல்ல குணங்களை மட்டும் எழுதிவிட்டு நான் தப்பித்துக்கொள்ளலாம். எனக்கு அது வராது. என் முன்கோபத்தையும் சேர்த்தே எழுதுகிறேன்.

அவன் அப்பா கூலிக்கு மிளகாய் பறித்தவர். இவன் பட்டாசுக் கம்பெனியில் பெட்டி சுமந்து, அங்கிருந்தபடியே லைசென்ஸ் எடுத்து, என்னிடம் டிரைவராக வந்தான். கம்பெனி கேட்டுக்கு நூறடி முன்பே இன்ஜினை அணைத்துவிடுவான். வாட்ச்மேன் கேட்கும் முன்பே, தீப்பெட்டி இல்லை என்று சட்டைப் பையை வெளியே இழுத்துக் காட்டுவான். லோடு ஏற்றிவிட்டால் கைக்குழந்தையை மடியில் வைத்திருப்பவனைப் போல ஓட்டுவான். பின்னால் வருகிறவன் ஆரன் அடித்து ஓய்ந்துபோவான், இவன் அசையமாட்டான். ஆறு வருஷத்தில் ஒரு பெட்டிகூட நசுங்கியதில்லை.

2008-இல் புதுப் பிக்கப் வாங்கினேன். கம்ப்யூட்டர் வைத்த இன்ஜின். தீபாவளி சீசன் நடுவில், ஆனைக்குட்டம் பக்கம் லோடோடு போகும்போது இழுவை விட்டுப்போயிற்று. எவ்வளவு மிதித்தாலும் முக்கியது, முப்பதைத் தாண்டவில்லை. எங்கள் ஊர் வண்டிக்காரர்களுக்கு இதற்கு ஒரே அர்த்தம்தான்: டிரைவர் டீசலை விற்றுவிட்டு மண்ணெண்ணெய் ஊற்றியிருக்கிறான்.

எனக்குப் பொறுமை ஏது? விஸ்வநத்தம் கம்பெனி வாசலில், வேலை முடிந்து பெண்கள் வெளியே வரும் நேரத்தில் பிடித்துக்கொண்டேன்.

"ஏலே, எத்தன லிட்டர் சீமெண்ணெய் ஊத்துன? சோறு போட்ட வீட்டுலயே கை வைக்கியாலே?"

அந்தப் பெண்களில் அவன் மனைவி பாண்டிச்செல்வியும் நின்றாள். பார்த்தேன். பார்த்தும் நிறுத்தவில்லை.

தங்கச்சாமி குரலை உயர்த்தவில்லை. "மெக்கானிக்கிட்ட காட்டுவோம் அண்ணாச்சி. சீமெண்ணெய்னு அவரு சொல்லிட்டா இனி எவன் வண்டியிலயும் ஏற மாட்டேன்" என்றான். சொல்லாவிட்டாலும் அவனை எவன் ஏற்றுவான்? டிரைவருக்கு இந்தப் பெயர் ஒருமுறை விழுந்தால் சிவகாசி வட்டாரத்தில் பிழைப்பே போச்சு.

மறுநாள் காலையில் நானே ஓட்டினேன். அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். விருதுநகர் மெக்கானிக் ராஜசிங் முதலில் டீசலைக் கொஞ்சம் கண்ணாடி டம்ளரில் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தார், மோந்தார்.

"டீசல்ல ஒண்ணும் இல்ல."

"நல்லாப் பாருங்கய்யா" என்றேன். அவர் என்னைச் சட்டை செய்யாமல் ஸ்டியரிங்குக்குக் கீழே ஸ்கேனரை மாட்டி இன்ஜினை உறுமவிட்டார்.

"இன்ஜின் எம்புட்டுக் காத்து இழுக்குன்னு அளக்க ஒரு சென்சார் இருக்கு அண்ணாச்சி. அது சொல்லுத காத்துக்குத் தக்கனதான் கம்ப்யூட்டர் டீசல் விடும். இங்கன பாருங்க, இந்த மிதி மிதிச்சும் காத்து ஏறவே மாட்டேங்கு."

காற்றுக் குழாயில் எங்காவது விரிசல் உண்டா என்று தடவிப் பார்த்தார். இல்லை. சென்சார் ஒயரைக் கழற்றிவிட்டு ரோட்டில் ஒரு சுற்று ஓட்டி வந்தார். வண்டி முன்னைவிட இழுத்தது. "அப்ப பொய் சொல்லுதது சென்சார்தான்" என்று அதைக் கழற்றினார். உள்ளே மயிரிழைக் கம்பியில் வெள்ளி நிறச் சகதி. அடுத்து, இன்ஜினுக்குப் போகும் காற்றை வடிகட்டும் பில்டர் பெட்டியைத் திறந்தார். காகித பில்டர் எண்ணெயில் ஊறிக் கிடந்தது.

"எந்தப் புண்ணியவான்யா இதுல எண்ணெய் தடவுனது? அதுதான் தூசியோட போய்ச் சென்சார் கம்பியில அப்பியிருக்கு."

நான்தான். வண்டித் தொழிலுக்கு வருமுன் பதினெட்டு வருஷம் பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். மருந்துத் தூசி பறக்கக் கூடாது, ஈரமாக வை என்பது அங்கே முதல் பாடம். நனைத்த சாக்கு விரிக்காமல் ஓர் அறையையும் நான் திறந்ததில்லை. புது வண்டியின் மேல் அலுமினியப் பொடி படிவதைப் பார்த்ததும் பயந்து, தூசி ஒட்டிக்கொள்ளட்டும் என்று பில்டருக்கு என் கையாலேயே எண்ணெய் தடவினேன். "புது வண்டிக்கு வேணாம் அண்ணாச்சி" என்று தங்கச்சாமி அப்போதே சொன்னான். "ஒஞ் சோலியப் பாருலே" என்றேன்.

அதை அவன் இப்போது ராஜசிங்கிடம் சொல்லியிருக்கலாம். சொல்லாமல் தரையைப் பார்த்து நின்றான். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது.

"நாந்தான்யா" என்றேன்.

ராஜசிங் சிரித்துக்கொண்டே சென்சாரை ஸ்பிரே அடித்துக் கழுவினார், புது பில்டர் போட்டார். வண்டி பழையபடி இழுத்தது. திரும்பும் வழியில், "மன்னிச்சிருலே தங்கச்சாமி" என்றேன்.

"கம்பெனி கேட்டுல வச்சுல்ல பழி சொன்னீக" என்றான். அவ்வளவுதான்.

சாயங்காலம் கேட்டில் போய் நின்றேன். பெண்கள் வந்தார்கள். தங்கச்சாமி மேல் தப்பில்லை, வண்டியில்தான் கோளாறு என்று ஏதோ சொன்னேன். பாதிப் பேர் நிற்காமலே போனார்கள். பாண்டிச்செல்வி மட்டும் தூக்குவாளியோடு என் முன்னால் வந்து நின்றாள்.

"நேத்து நீங்க பேசுனது மருந்து ரூம் வரைக்கும் கேட்டுச்சு அண்ணாச்சி. இன்னைக்கு முன்னால நிக்கிற எனக்கே கேக்கல."

போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். தொண்டை கிழியக் கத்தினேன்: "தங்கச்சாமி சீமெண்ணெய் ஊத்தல! வண்டியக் கெடுத்தது நாந்தான்! அவன் வேணாம்னு சொல்லச் சொல்லக் கேக்காமக் கெடுத்தேன்!"

அவள் தூக்குவாளியை மறு கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"இப்பக் கேட்டுச்சு" என்றாள்.