பிளஸ் டீச்சரும் மைனஸ் சாரும்

உள்ளறையில் ஜியாமெட்ரி பெட்டி தரையில் விழுந்த சத்தம் கேட்டது. காம்பஸ் ஒரு பக்கமும் பென்சில் ஒரு பக்கமுமாகச் சிதறி, கட்டிலுக்கடியில் ஏதோ ஒன்று உருண்டுபோய்ச் சுவரில் மோதி அடங்கியது.

விழுந்ததா, வீசப்பட்டதா என்று பெற்றவளுக்குத் தெரியாதா? டீச்சர் அடுப்பை அணைத்துவிட்டு ஈரக் கையோடு ஓடினாள். மகள் கட்டிலில் கவிழ்ந்து படுத்திருந்தாள். தலையணைக்குப் பக்கத்தில் இயற்பியல் விடைத்தாள் கசங்கிக் கிடந்தது. ஒரு பக்கம் முழுவதும் குறுக்கே சிவப்புக் கோடு. ஓரத்தில் பெரிய பூஜ்யம்.

"என்னடி ஆச்சு?"

"உன் வீட்டுக்காரரைக் கேளு."

கோபம் வந்தால் அப்பா அம்மாவின் வீட்டுக்காரர் ஆகிவிடுவார். அது அந்தப் பெண்ணின் சின்ன வயசுப் பழக்கம்.

டீச்சர் தாளை நீவிப் படித்தாள். ஐந்து மதிப்பெண் கேள்வி. உருளைக்குள் அடைத்த வாயு. பிஸ்டனால் அழுத்துகிறோம், அதன் மீது முந்நூறு ஜூல் வேலை நடக்கிறது. நூறு ஜூல் வெப்பம் வெளியே போகிறது. வாயுவின் அக ஆற்றல் எவ்வளவு மாறும்? மகள் இருநூறு கூடும் என்று எழுதியிருந்தாள். சரியான விடை. ஆனால் முந்நூறுக்கு முன்னால் பிளஸ் போட்டிருந்தாள்.

அந்த பிளஸ் டீச்சர் சொல்லிக்கொடுத்தது.

அந்தப் பள்ளியில் இயற்பியல் எடுப்பவர் அவள் கணவர், வேதியியல் அவள். கல்யாணத்துக்கு முன்பே, ஆசிரியர் அறையில் இருவரும் முதன்முதலாகப் பேசிக்கொண்டதே இந்தச் சண்டைதான். அவருக்கு வாயு என்றால் இயந்திரம். அது நமக்காக எவ்வளவு வேலை செய்தது என்றுதான் கேட்பார். வாயு வேலை செய்தால் பிளஸ், நாம் அதை அழுத்தினால் மைனஸ். அவளுக்கு வாயு என்றால் ஒரு பாத்திரம். அதற்குள் எவ்வளவு வந்து சேர்ந்தது என்று பார்ப்பாள். அழுத்தினால் ஆற்றல் உள்ளே வருகிறது, ஆகவே பிளஸ். சூத்திரங்களும் அதற்கேற்ப வேறு வேறு. எப்படிப் போட்டாலும் கடைசியில் அதே இருநூறுதான். இயற்கைக்கு இதில் எந்தச் சண்டையும் இல்லை. சண்டை போட இவர்கள் இருவர் இருந்தார்கள்.

பிள்ளைகள் அவர்களுக்கு பிளஸ் டீச்சர், மைனஸ் சார் என்று பெயர் வைத்தார்கள். தலைமையாசிரியை ஒருமுறை இருவரையும் உட்காரவைத்து, "ரெண்டு பேரும் ஒரு முடிவுக்கு வாங்கப்பா, பிள்ளைங்க பாவம்" என்றார். வந்தார்கள் ஒரு முடிவுக்கு. அவர் தாளில் அவர் குறி, அவள் தாளில் அவள் குறி. மாற்றி எழுதினால் விடை சரியாக இருந்தாலும் பூஜ்யம். குழப்பிக்கொள்ளும் பிள்ளைகள் அப்போதுதான் திருந்துவார்களாம். ஊரில் எந்த வாத்தியாரும் போடாத ஒப்பந்தம். இருவரும் மனசாரக் கைகொடுத்துக்கொண்டார்கள்.

அதன்பிறகு அவள் எவ்வளவோ பொறுத்துக்கொண்டாள். வேலை என்றால் என்ன என்று விளக்க அவர் வருடாவருடம் ஒரே உதாரணம் சொல்வார். "உங்க கெமிஸ்ட்ரி டீச்சர் நோட்டுக் கட்டைத் தூக்கிக்கிட்டு பஸ் ஸ்டாப் வரைக்கும் சமதரையில நடக்கிறாங்க. புவியீர்ப்புக்கு எதிரா அவங்க செஞ்ச வேலை எவ்வளவு? பூஜ்யம்!" வகுப்பே சிரிக்கும். இரண்டு வகுப்புகளுக்கும் நடுவே இருந்த தடுப்புக்கு அந்தப் பக்கம் கரும்பலகையைப் பார்த்தபடி அவள் நின்றிருப்பாள். நோட்டுக் கட்டோடு வீடு வந்து, சமைத்து, துவைத்து, காய்ச்சலில் கிடந்த மாமியாரைப் புரட்டிப் போட்டு, இரவில் தாள் திருத்திய உடம்பு அது. வாயுவை அழுத்தினால் சூடாகும் என்று இருவருமே சொல்லித்தருகிறார்கள். ஒரு பெண்ணை அழுத்திக்கொண்டே இருந்தால் என்ன ஆகும் என்று எந்தப் பாடத்திலும் கேள்வி வருவதில்லை.

இன்று பொறுமை விட்டுப்போயிற்று. தாளோடு கூடத்துக்கு வந்தாள். அவர் நாற்காலியில் சாய்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க, சரியான விடைக்கு பூஜ்யம் போட உங்களுக்கு எப்படி மனசு வந்துச்சு?"

"விதி உனக்குத் தெரியாதா டீச்சர்?" வீட்டில் அவர் டீச்சர் என்று கூப்பிட்டால் கிண்டல் என்று அர்த்தம்.

"அது குழப்பிக்கிறவங்களுக்கு. இவ குழம்பலையே! ஆரம்பத்துலேருந்து கடைசி வரைக்கும் ஒரே குறியில சரியாப் போட்டிருக்கா."

"உன் குறியில."

"ஓ, அதுதான் குத்துதா? என் பக்கத்துல உக்காந்து படிச்சதுக்கு பொண்ணுக்குத் தண்டனையா?"

"சும்மா கத்தாதே. அவதானே இப்பவும் முதல்ல இருக்கா? அந்த இடம் அவளுக்குத்தான். அப்புறம் என்ன?"

அந்த இடம். பெரிய ஆராய்ச்சி நிலையம் ஒன்று, பள்ளிக்கு ஒருவர் என்று பிள்ளைகளைக் கூட்டிப்போய், தங்கவைத்து, ஆய்வுக்கூடத்திலேயே படிக்கவைக்கிறது. இயற்பியல், வேதியியல் இரண்டின் மொத்தத்தையும் பார்த்து ஒரே ஒரு பெயர் அனுப்ப வேண்டும். நாளைக் காலை தலைமையாசிரியை அனுப்புகிறார். மகள் மூன்று மதிப்பெண்தான் முந்தியிருந்தாள். ராத்திரியில் தூக்கத்தில்கூட அந்த ஆய்வுக்கூடத்தைப் பற்றித்தான் பேசுகிறாள்.

வாசலில் யாரோ செருமினார்கள்.

பஸ் ஓட்டுநர். காக்கிச் சட்டையின் முதுகு வியர்வையில் நனைந்திருந்தது. இவருடைய மகன்தான் வகுப்பில் இரண்டாவது.

"வாங்க வாங்க, உள்ள வாங்க" என்று டீச்சர் குரலை மாற்றிக்கொண்டாள்.

"உக்கார நேரமில்ல டீச்சர். வண்டியைத் திருப்பத்துல நிறுத்திட்டு வந்திருக்கேன், கண்டக்டர் கத்துவான்." சட்டைக்குள்ளிருந்து ஒரு தாளை எடுத்து, மடிப்பைப் பயபக்தியோடு பிரித்தார். "தப்பா நினைக்கக் கூடாது. எனக்கு இதுல ஒண்ணும் புரியாது. பையன் நேத்துலேருந்து சாப்பிடல. சார் சொல்லிக்கொடுத்த மாதிரிதான் எழுதினேன், விடையும் சரிதான், ஆனா அஞ்சும் போச்சுங்கறான். என்னன்னு கேட்டுட்டுப் போலாம்னு..."

டீச்சர் வாங்கிப் பார்த்தாள். வேதியியல் தாள். அதே போன்ற உருளை, அதே போன்ற பிஸ்டன். மைனஸ் போட்டு, சாருடைய சூத்திரத்தால் பிசகாமல் விடைக்கு வந்திருந்தான் பையன். குறுக்கே சிவப்புக் கோடு. ஓரத்தில் பூஜ்யம். அவள் கையெழுத்து.

"ஏன் டீச்சர், எங்க டிப்போல ரோட்டுக்கு ஒரு பக்கம்தான் ஓட்டணும்னு சொல்வாங்க. இங்க காலையில ஒரு பக்கம், மத்தியானம் இன்னொரு பக்கமா ஓட்டணும்?" என்று சிரிக்கப் பார்த்தார் ஓட்டுநர். யாரும் சிரிக்காததால் அவரும் நிறுத்திக்கொண்டார்.

டீச்சருக்கு முகம் எரிந்தது. சற்றுமுன் கணவனைப் பார்த்துக் கேட்ட கேள்வி தன் மேலேயே வந்து விழுந்தது. இதற்கு எப்படி அவளுக்கு மனசு வந்தது? ஆனால் அதைவிடப் பெரிதாக ஒரு பயமும் வந்தது. ஐந்து மதிப்பெண்ணைத் திருப்பிக் கொடுத்தால் அந்தப் பையன் முந்திவிடுவான்.

கணவர் பக்கம் திரும்பினாள். "என்னங்க... நானும் திருத்தறேன், நீங்களும் திருத்துங்க. ரெண்டு பிள்ளைங்களும் சரியாத்தானே எழுதியிருக்காங்க? அந்தப் பாழாப்போன விதியை இன்னியோட விட்டுடலாம்."

அவர் செய்தித்தாளை மெதுவாக மடித்தார். "நீ தாராளமா திருத்து. ஊரான் பிள்ளை. யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. நான் திருத்தினா? கடைசி நேரத்துல அப்பன் பொண்ணுக்கு மார்க்கைத் தூக்கிப் போட்டு இடத்தைப் பிடிச்சுட்டான்னு நாளைக்கு ஸ்கூலே சிரிக்கும்."

"இதுவே வேற யாரு பிள்ளையாவது இருந்தா?"

அவர் மடித்த செய்தித்தாளை இன்னொரு முறை மடித்தார். "திருத்திப் போட்டிருப்பேன்" என்றார்.

"அப்ப அவ செஞ்ச ஒரே தப்பு உங்களுக்குப் பொறந்ததுதானா?"

"வந்தவர் முன்னாடி என்ன பேச்சு இது!"

உள்ளறைக் கதவருகே மகள் வந்து நின்றாள். எல்லாம் கேட்டிருக்கிறாள். அழுது வீங்கிய கண்கள் அம்மாவின் கையிலிருந்த அந்தப் பையனின் தாளின் மேலேயே இருந்தன. வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூட டீச்சருக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

ஒன்றும் செய்யாமல் அனுப்பிவிடலாம். "விதி அப்படித்தாங்க" என்று ஒரு வார்த்தை போதும். மகளுக்கு இடம் கிடைத்துவிடும். அந்த வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் விடைத்தாளின் மூலையில் பையன் ரப்பரால் அழித்து அழித்துத் தாளே தேய்ந்துபோன ஓர் இடம் இருந்தது. அங்கே முதலில் பிளஸ் போட்டு, பிறகு அழித்து, மைனஸ் போட்டிருக்கிறான். எந்தக் குறி போட்டால் அடி விழாது என்று ஒரு பிள்ளை தவித்த தவிப்பு அந்தத் தேய்ந்த தாளில் அப்படியே இருந்தது. இவள் வீட்டுக்குள்ளும் ஒரு பிள்ளை இத்தனை நாளாக அப்படித்தானே தவித்தது?

டீச்சர் சிவப்புப் பேனாவை எடுத்தாள். பூஜ்யத்தை அடித்துவிட்டு ஐந்து என்று எழுதி, பக்கத்தில் கையெழுத்துப் போட்டாள்.

"காலையில நானே தலைமையாசிரியைகிட்ட சொல்லிடறேன்" என்றாள்.

ஓட்டுநர் தாளை வாங்கி மடித்தவர், கதவருகே நின்ற பெண்ணையும் நாற்காலியில் இருந்த சாரையும் மாறி மாறிப் பார்த்தார். மனிதர் பாவம், ஏதோ உறுத்தியிருக்கிறது. "டீச்சர்... இதனால பாப்பாவுக்கு ஒண்ணும்...?"

"உங்க பையன் போவான். நல்லாப் படிக்கச் சொல்லுங்க. முதல்ல போய்ச் சாப்பிடச் சொல்லுங்க."

"சார்..." என்று அவர் கைகூப்பினார். சார் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏன் அப்பா?" என்றாள் மகள். அவ்வளவுதான் கேட்டாள். அவள் உள்ளே திரும்பிப் போனாள்.

திருப்பத்திலிருந்து கண்டக்டரின் விசில் நீளமாகக் கேட்டது. ஓட்டுநர் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினார். தெருமுனைக்குப் போவதற்குள் இரண்டு முறை நின்று திரும்பிப் பார்த்தார். மூன்றாவது முறை அவர் திரும்புமுன் டீச்சர் கதவைச் சாத்தினாள்.