சும்மா இருந்த சிப்

திருத்தணியில் ஏறும் தணிகாசலம் சார், அரக்கோணத்தில் ஏறும் எனக்காகப் போட்டு வைக்கும் துண்டு அன்று எந்த இருக்கையிலும் இல்லை. லீவு போலிருக்கிறது என்று நினைத்தேன். ரயில் அங்கிருந்து கிளம்புவதற்குள் அவருடைய மைத்துனர் போன் செய்தார். "மேடம், பாவா போய்ட்டார்ங்க. விடிகாலைல நெஞ்சுவலி." "சரிங்க" என்றேன்.

சென்னையில் ஒரே அலுவலகத்தில் இருவரும் கணினியில் மைக்ரோவேவ் ஃபில்டர் வடிவமைத்தோம். வந்து விழும் ரேடியோ அலைகளில் வேண்டியதை மட்டும் விடும் சுற்று அது. டிரான்சிஸ்டர் சேர்த்தால் சின்னஞ்சிறு சிப்பிலேயே அடங்கிவிடும். ஆனால் கொஞ்சம் பிசகினாலும், திருவிழா மைக்செட் போல, யாரும் பேசாமலே தானாகக் கத்தும்.

எங்கள் முதல் சிப் கத்தியது. கணினியில் சமர்த்தாக இருந்ததுதான். மேலாளர் மென்பொருளைத் திட்டினார். சார் எழுந்து நின்றார். "சாஃப்ட்வேர் இன்னாங்க பண்ணும்? சிப்ப வெளியோட சேக்கிற கம்பிய நான் கணக்குல சொல்லல. தப்பு என்னுது." இன்னொரு முறைதான் என்றார்கள். அதுவும் கத்தினால் எங்கள் பிரிவையே மூடிவிடுவதாகவும் சொன்னார்கள்.

அதன்பின் ரயிலிலும் மடிக்கணினி திறந்தே இருக்கும். கிருத்திகை முடிந்து திரும்பும் மொட்டைத் தலைகளுக்கு நடுவே, முடியளவுக் கம்பியின் நீளத்தைக் கூட்டிக் குறைத்துக் கணக்கை ஓட்டிப் பார்த்துக்கொண்டே வருவார். திரையில் ஒட்டிய சந்தனத்தைத் துடைத்துவிட்டு மறுபடி ஓட்டுவார். "விடுங்க சார், கம்பிக்கே அலுத்துடுச்சு" என்றால் சிரிப்பார். இரண்டாவது சிப் தயாரிப்புக்குப் போன பிறகு, கடைசியாகப் பார்த்த அன்று சொன்னார்: "வந்தா மொதல்ல உள்ள அலை எதையும் குடுக்காம பாருங்க மேடம். கத்தாம சும்மா இருந்தா போதும்."

துக்கத்துக்குப் போனபோது அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டார். "சிப்பு வந்துச்சாங்க? அதையே சொல்லிகினு இருந்தாரு." இல்லை என்றேன். எல்லாரும் அழுதார்கள். நான் மரத்துப்போய் நின்றேன்.

நேற்று சிப் வந்தது. மின்சாரம் மட்டும் கொடுத்தேன். சூடேறும்வரை காத்திருந்தேன். அலையை அளக்கும் கருவியின் திரையில் எதுவுமே எழும்பவில்லை. அலுவலகம் கைதட்டியது. அவர் நாற்காலிப் பக்கம் திரும்பி "சார்" என்று கூப்பிட்டும்விட்டேன்.

அவர் வீட்டுக்குப் போன் செய்தேன். "சிப்பு வந்துடுச்சு. சும்மா இருக்குதுங்க."

அவர் மனைவி சொன்னார்: "ஆங்... அவர்கிட்ட சொல்லிட்றேங்க."

அழுகை இன்னும் வரவில்லை, சார். போய் வாருங்கள்.