திரையில் பிரிந்த சிலுவை

அந்த நூல் உருவிக்கொண்டு வந்த சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. சத்தம் என்றுகூடச் சொல்ல முடியாது. எறும்பு ஊர்வதுபோல ஒரு சின்னச் 'சர்ர்'. அவ்வளவுதான். எங்கள் கண்ணெதிரே ஒரு சிலுவைக்கு ஒரு கை இல்லாமல் போனது.

சென்ற ஐப்பசியில், தீபாவளிக்குப் பனியன் கம்பெனிகள் பூட்டிக் கிடந்த வாரம். திருப்பூரில் எல்லோருக்கும் ஒரே சமயத்தில் ஓய்வு கிடைப்பது அப்போதுதான் என்பதால், ஆண்டுதோறும் அந்த வாரத்தில் எங்கள் தெருக்காரர்களை ஒரு வேனில் ஏற்றிப் பழைய இடங்களைக் காட்டிவருவேன். இந்த முறை மேற்கே, கேரளாவுக்குப் போனோம். முசிறித் துறைமுகம் இருந்ததாகக் கருதப்படும் அகழாய்வு இடம், பிறகு அந்தக் கரையோரத்து ஆதி கிறிஸ்தவத் தேவாலயங்கள். நம்மூருக்குப் பக்கத்துக் கொடுமணலில் செய்த கல்மணிகள் பாலக்காட்டுக் கணவாய் வழியாகத்தான் அந்தத் துறைமுகத்துக்குப் போயிருக்க வேண்டும், அதே கணவாயில்தான் நம் வேனும் போகிறது என்று மைக்கைப் பிடித்துச் சொன்னேன். பாதிப் பேர் தூங்கிவிட்டார்கள்.

தூங்காதவர்களில் செக்கிங் அக்கா ஒருவர். தெருவில் அவருக்கு அதுதான் பெயர். தூத்துக்குடிப் பக்கம் பிறந்து, கல்யாணமாகித் திருப்பூர் வந்தவர். தைத்து வரும் ஒவ்வொரு பனியனையும் புரட்டிப் பார்த்து, தொங்கும் பிசிறு நூலைக் கிள்ளி எறிவது அவர் வேலை. அந்த வேலை அவர் விரலை விட்டு எங்கும் போனதில்லை. பேசிக்கொண்டே எதிரில் இருப்பவர் காலரிலிருந்து நூலைப் பிடுங்கிவிடுவார். அன்றும் டிரைவர் சட்டையின் கையில் ஒரு நூலை இழுத்தார்.

"ஏனுங்கக்கா, ஊடு போய்ச் சேர்றதுக்குள்ள என்ற சட்டையவே உரிச்சுப்போடுவீங்களாட்ட இருக்குது?"

"பிசிறோட பீஸ் போனா பாஸாகாது தம்பி. நேரா ரோட்டைப் பாருங்க."

அவர் கிறிஸ்தவர். இயேசுவின் சீடர் ஒருவர் வந்திறங்கியதாக நம்பப்படும் அந்தக் கரையில் ஒருமுறை முழங்காலிட வேண்டும் என்பதற்காகவே வந்திருந்தார்.

நான்கு மணிவாக்கில் அந்தத் தேவாலயத்துக்குள் நுழைந்தோம். முதல் நூற்றாண்டிலேயே அங்கு வழிபாடு தொடங்கியது என்பது மரபு. சுவரோ பலமுறை இடித்துக் கட்டியது. மரபையும் கட்டடத்தையும் குழப்பிக்கொள்ளக் கூடாது என்று நான் விளக்கிக்கொண்டிருந்தேன். பலிபீடத்தை மறைக்கும் வெள்ளைத் திரை ஒரு பக்கமாக ஒதுக்கப்பட்டிருந்தது. அதன் நடுவில் சிவப்பு நூலில் ஆரி வேலைச் சிலுவை, நான்கு கையும் ஒவ்வொரு சாண். மடிப்பில் திரையின் பின்பக்கம் திரும்பியிருக்க, அங்கே ஒரு நூல் நுனி தொங்கியது.

அக்கா முழங்காலிட்டு எழுந்தார். கண் பலிபீடத்தில்தான் இருந்தது. கை மட்டும் தானாக நீண்டது.

ஆரித் தையல் சங்கிலிபோல ஒரு கண்ணிக்குள் மறு கண்ணியாகப் போவது. கடைசிக் கண்ணி அவிழ்ந்துவிட்டால் மற்றவை வரிசையாகக் கழன்று வந்துவிடும். சிலுவையின் ஒரு கை முழுவதும் அவர் விரலில் சுருண்டு நின்றது. அவர் வாய் திறந்தபடியே இருந்தது. தொல்பொருள் சட்டம், போலீஸ், நாளைய செய்தித்தாள் எல்லாம் ஒன்றாக வந்து என் மண்டையில் இடித்தன.

"அய்யோ! எந்தா இது!" கோயிலைப் பார்த்துக்கொள்ளும் பெரியவர் ஓடிவந்தார். அவரைக் கப்பியார் என்கிறார்கள்.

"சாமி... சாமி... வேணும்னு செய்யல சாமி," என்றார் அக்கா.

நான் கேட்ட முதல் கேள்வி, "இது எந்தக் காலத்துத் திரைங்க?" என்பது.

"காலமா? நாலஞ்சு வருஷம் ஆகும்."

எனக்கு மூச்சு வந்தது. "பழசு இல்லீங்களா? அப்பாடா," என்றே சொல்லிவிட்டேன்.

பெரியவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "எண்டெ சேச்சி தச்சதாக்கும் சாரே. இது முடியறப்போ அவளுக்குக் கண் முழுசும் போயாச்சு. தினம் அஞ்சு மணிக்குச் சாயந்தரப் பிரார்த்தனைக்கு வருவா. வந்ததும் இந்தக் குரிசைத் தொட்டு முத்தம் குடுப்பா. பின்னதான் உட்காருவா. இப்போ வந்து தொட்டா நான் எந்து பறயும்?"

ஆயிரம் ஆண்டுப் பொருளாக இருந்திருந்தால்கூட அப்படி உறைந்திருக்க மாட்டேன். அருங்காட்சியகத்துக்குப் பதில் சொல்லிவிடலாம். ஐந்து மணிக்கு நடந்து வரப்போகிற ஒரு பெண்ணின் விரலுக்கு என்ன சொல்வது?

"நான் தச்சுக் குடுக்கேன் சாமி. ஊசி ஓட்டை அப்படியே இருக்கு பாருங்க. அதே நூல், அதே ஓட்டை," என்று அக்கா திரையை நோக்கி வந்தார்.

"வேண்டா! இனி நீங்க தொடண்டா!"

அக்கா சட்டென்று பின்வாங்கி, இரண்டு கைகளையும் சேலை முந்தானையில் சுற்றிக்கொண்டார், சூடு பட்ட கையை மறைப்பதுபோல. "தொடல. நீங்க தைங்க. நான் வாயால சொல்லுதேன்."

பெரியவர் பக்கத்திலிருந்த வீட்டுக்கு ஓடி, தமக்கையின் ஆரி ஊசியை எடுத்துவந்தார். திரையைக் கழற்றி, நானும் டிரைவரும் ஆளுக்கு ஒரு பக்கம் விறைப்பாக இழுத்துப் பிடித்தோம். பெரியவருக்கோ ஊசி பிடித்தே பழக்கமில்லாத விரல்கள்.

"குத்துங்க. அடியில நூலைக் கொக்கியில மாட்டுங்க. மேல இழுங்க. ஐய, அவ்வளவு இழுக்காதீங்க, துணி சுருங்குது."

"அக்கா, உங்க கம்பெனி சூப்பர்வைசராட்ட மனுசனை மெரட்டாதீங்க," என்றார் டிரைவர். யாரும் சிரிக்கவில்லை. அவரும்.

பெரியவரின் நெற்றி வியர்வை திரையில் சொட்டியது. ஒரு கண்ணி பெரிது, அடுத்தது சிறிது. நடுவில் இரண்டு ஓட்டைகளை விட்டுவிட்டார். அக்காவின் விரல்கள் முந்தானைக்குள்ளேயே அசைந்துகொண்டிருந்தன. கடைசியில் கோணலாக, பூச்சி ஊர்ந்த தடம்போல, ஒரு கை வந்து சேர்ந்தது. முடிச்சுப் போடும் முன்பே வெளியே கைத்தடிச் சத்தம் கேட்டது. அவசரமாகத் திரையை மாட்டினோம்.

வெள்ளை முண்டும் சட்டையும் அணிந்த ஒல்லியான பெண்மணி. வழி அவருக்கு மனப்பாடம். நேராகத் திரையிடம் வந்து, சிலுவையை மேலிருந்து தடவினார். நடு, கீழ், ஒரு பக்கம். மறுபக்கத்தில் விரல் நின்றது. கொஞ்சம் பின்னால் போய், மறுபடி வந்தது.

"இது ஆரு செய்தது?"

"ஞான்தான் சேச்சி," என்றார் பெரியவர்.

"அதுக்கு முன்னே பிரிச்சது?"

"நாந்தான்க்கா," என்றார் செக்கிங் அக்கா. "பிசிறுன்னு நெனச்சு இழுத்துட்டேன். மன்னிச்சிருங்க."

அந்தப் பெண்மணியின் விரல் திரையின் பின்பக்கம் போய், முடிச்சில்லாத நுனியைத் தேடிப் பிடித்தது. பிறகு, என் கண்ணை நானே நம்பவில்லை, ஒரே இழுப்பு. மறுபடியும் அந்தச் 'சர்ர்'. நாங்கள் இழுத்துப் பிடித்து, வியர்த்து, உயிரைக் கொடுத்துத் தைத்தது முழுவதும் அவர் கையில் சுருண்டது. செக்கிங் அக்கா "ஆண்டவரே!" என்று அலறியேவிட்டார்.

"இவன் தச்சது ரொம்ப மோசம்," என்றார் அந்தப் பெண்மணி. விரல் நுனியால் வெறும் துணியைத் தடவினார். "ஓட்டை எல்லாம் இருக்கில்லே? அது போதும். நாளைக்கு ஞான் தைக்கும்." நூலைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டு, எஞ்சிய மூன்று கைகளையும் தொட்டு முத்தமிட்டு, முதல் பெஞ்சில் போய் உட்கார்ந்தார். தலையைத் திருப்பாமலே, "பிரிச்ச ஆளு இங்க வந்து உட்காரட்டும்," என்றார்.

அக்கா போய் உட்கார்ந்தார். முந்தானையிலிருந்து கையை எடுக்கவில்லை. பிரார்த்தனை முடியும்வரை மூன்று கைச் சிலுவைக்கு முன்னால் இருவரும் அருகருகே இருந்தார்கள். மன்னித்தாரா என்று எனக்குத் தெரியாது.

திரும்பும் வழியில் வேனில் மைக்கை நான் தொடவில்லை. வாளையாறு எல்லையைத் தாண்டும்போது டிரைவர் சட்டைக் கையில் இன்னொரு நூல் தொங்கியதை அக்கா பார்த்தார். விரல் பாதி தூரம் போய் நின்றுவிட்டது.

"இழுத்துப்போடுங்கக்கா, என்ற சட்டைதானுங்க," என்றார் டிரைவர், கண்ணாடியில் பார்த்தபடி.

"இருக்கட்டும் தம்பி," என்று கையை மடியில் வைத்துக்கொண்டார் அக்கா. "யாரு தச்சதுன்னு முதல்ல சொல்லுங்க."