வெள்ளி ராவும் ஒரு கோமாளி மீனும்

தஞ்சாவூர் கீழவாசலில் சுமையாவிடம் ரவிக்கை தைக்கக் கொடுக்கிற பெண்களுக்கு அவள் குணம் அத்துப்படி. கை பிடிக்கிறது என்று சொன்னால் உடனே தையலைப் பிரித்துவிட மாட்டாள். எங்கே பிடிக்கிறது, கையைத் தூக்கும்போதா மடக்கும்போதா, துவைத்த பிறகா முன்னாலேயா என்று குடைந்தெடுப்பாள். "ஒரு தையலப் பிரிக்க போலீஸ் விசாரணையா?" என்று அலுத்துக்கொண்டே போவார்கள். அடுத்த ரவிக்கையையும் அவளிடம்தான் கொண்டுவருவார்கள்.

அப்பேர்ப்பட்டவளுக்கு, தன் வீட்டு மீன் ஒன்று ஏன் செத்தது என்று தெரியாமல் போய்விட்டது. அது அவள் மனதில் முள்ளாகக் கிடந்தது.

கணவர் ஜாஃபர் சாதிக்குக்கு ஷார்ஜாவில் ஏசி மெக்கானிக் வேலை. போன விடுப்பில் வந்தவர் கூடத்தில் ஒரு கண்ணாடித் தொட்டியை வைத்து, உப்புத் தண்ணீர் கலந்து, ஒரு ஜோடி கோமாளி மீன்களை விட்டுவிட்டுப் போனார். ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட மீன்கள். பெரியது பெண், சிறியது ஆண். பெரியவள், சின்னவன் என்று அவரே பெயரும் வைத்தார். மகளுக்குக் கல்யாணம் முடிந்து வீடு வெறிச்சென்று கிடந்த நேரம் அது. வீடியோ காலில் வந்தால் மனுஷன் பெண்டாட்டி சாப்பிட்டாளா என்று கேட்பதில்லை, பெரியவள் சாப்பிட்டாளா என்றுதான் கேட்பார். சுமையாவுக்கு முதலில் பற்றிக்கொண்டு வந்தது. பிறகு அவளுக்கே அந்தப் பைத்தியம் பிடித்துக்கொண்டது. கடல் உப்புத் தூளை அளந்து கலப்பதும், வாரா வாரம் பாதித் தண்ணீரை மாற்றுவதுமாக மீனுக்கு மருமகள் போல ஆகிவிட்டாள். "இதே கடல் மீனு அரைக் கிலோ வாங்குனா ஆணம் வச்சிரலாம்" என்று பக்கத்து வீட்டு மர்யம் கிண்டல் செய்வாள்.

ரமலான் மாதத்தில் சின்னவன் செத்தான். தண்ணீரின் மேல்மட்டத்தில் நின்று வாயைத் திறந்து திறந்து மூடினான். மீன் கடை துரைராசு கொடுத்த மருந்தை ஊற்றினாள். கேட்கவில்லை. வேறு மருந்து கொடுத்தார், அதையும் ஊற்றினாள். பெருநாளுக்குள் கதை முடிந்தது. அல்லாஹ்வின் நாட்டம் என்றார்கள். நாட்டத்தில் அவளுக்குச் சந்தேகமில்லை. ஆனால் காரணம் என்று ஒன்று இருக்கும் அல்லவா?

மாதங்கள் கழித்துப் பெரியவளும் அதேபோல் மூச்சு வாங்க ஆரம்பித்தாள். செவுள் படபடவென்று அடித்துக்கொண்டது. சுமையா துரைராசு கடைக்குப் போய் நின்றாள்.

"வெள்ளைப்புள்ளி நோய்தாங்க்கா. இந்தாங்க, மருந்து."

"புள்ளி எங்க இருக்கு?"

"உள்ள இருக்கும்."

"உள்ள இருக்குறது உங்களுக்கு எப்படிங்க தெரியும்?"

துரைராசு மருந்துப் புட்டியைத் திரும்ப அலமாரியில் வைத்துவிட்டார். காரணம் தெரியாமல் ஒரு சொட்டுகூட இனித் தொட்டியில் ஊற்றுவதில்லை என்று சுமையா அந்தக் கடை வாசலிலேயே முடிவெடுத்தாள். அவள் முடிவெடுத்தால் எடுத்ததுதான்.

வீட்டுக்கு வந்து டார்ச்சை அடித்து மீனை அங்குலம் அங்குலமாகப் பார்த்தாள். பொடி உப்பைத் தூவியது போலப் புள்ளி? இல்லை. சளி போலத் தோல் உரிகிறதா? இல்லை. கண் தெளிவாக இருந்தது, வயிறும் வீங்கவில்லை. ஆனால் விலாவில் ஒரு சிராய்ப்பு, வால் ஓரத்தில் ஒரு பிளவு. வால் அழுகும் நோய் என்று போனில் யாரோ போட்டிருந்ததைப் படித்திருந்தாள். அழுகினால் ஓரம் வெளுத்து, இற்று, நூல் நூலாகத் தொங்கும். இது சுத்தமான பிளவு. இற்றுப்போன துணிக்கும் ஆணியில் மாட்டிக் கிழிந்த துணிக்கும் வித்தியாசம் தெரியாதவளா அவள்? இது நோயில்லை, காயம். எதற்கோ மிரண்டு ஓடிப் பாறையில் மோதியிருக்கிறது. தொட்டியிலோ வேறு மீனே கிடையாது. பிறகு எதற்கு மிரண்டது?

மகள் எப்படியோ விசாரித்து நாகப்பட்டினத்தில் ஒரு மீன் டாக்டரின் நம்பரை வாங்கி அனுப்பினாள். பெயர் எழில்மொழி, சொந்த ஊர் பூதலூர். போனில் பொறுமையாகக் கேட்டார்.

"எப்பயுமே மூச்சு வாங்குதாங்க?"

"இல்லைங்க. வெள்ளி ராவுலதான். ரெண்டு மூணு நாள்ல சரியாயிருது. மறுபடி அடுத்த வெள்ளி ராவு."

"வெள்ளிக்கிழமை வீட்ல ஏதாச்சும் செய்வீங்களா?"

"அன்னைக்குத்தான் தண்ணி மாத்துவேன்."

டாக்டருக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. புதுத் தண்ணீரின் உப்பிலோ சூட்டிலோ கோளாறு இருக்க வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள், அதையும் திங்கட்கிழமைக்குத் தள்ளிவையுங்கள் என்றார். சுமையா அப்படியே செய்தாள். மீன் மோசமானது. அடுத்த வாரம் இன்னும் மோசமானது. போட்ட தீனி போட்டபடி மிதந்தது. ஜாஃபர் போனில், "விடு புள்ள, லீவுல வரும்போது வேற ஜோடி வாங்கிக்கலாம்" என்றார்.

"வேற ஜோடியும் இதே தொட்டியிலதானே சாவும் மச்சான்?" என்று போனை வைத்தாள். அன்று அவளுக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்தே வந்தன.

மறுநாள் தொட்டித் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்துக்கொண்டு நாகப்பட்டினம் பஸ் ஏறினாள். டாக்டர் தண்ணீரைச் சோதித்தார். உப்பு சரி, மற்றதெல்லாம் சரி. அவருக்கும் குழப்பம்தான். மூச்சு வாங்கும்போது எடுத்த வீடியோ இருக்கிறதா என்று கேட்டார். சுமையா போனை நீட்டினாள்.

"இது வியாழக்கிழமை எடுத்ததாச்சேக்கா. தேதி காட்டுதே. வெள்ளிக்கிழமைன்னு சொன்னீங்க?"

"வெள்ளி ராவுன்னு சொன்னேங்க."

"அதான், வெள்ளிக்கிழமை ராத்திரி."

"இல்லைங்க, வியாழக்கிழமை ராத்திரி. எங்களுக்கு மஃரிபோட மறுநாள் பொறந்துரும்ல? வியாழன் பொழுது சாஞ்சா வெள்ளி ராவு."

இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். டாக்டர் தலையில் கைவைத்துக்கொண்டு சிரித்துவிட்டார். அப்படியானால் வெள்ளிக்கிழமை மாற்றிய தண்ணீர் மீனைக் கெடுக்கவில்லை. முந்தின இரவு கெட்டதைக் கழுவிக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. அதைத்தான் குறைத்துத் தள்ளிப்போட்டிருக்கிறார்கள்.

"சரி, வியாழன் சாயங்காலம் வீட்ல என்ன செய்வீங்க?"

"ஒண்ணும் இல்லைங்க. யாசீன் ஓதுவேன். நடுவுல விட்டுப்போச்சு, இப்பதான் மறுபடி ஆரம்பிச்சிருக்கேன்."

டாக்டர் வீடியோவை மறுபடி ஓட்டினார். "கேமராவுல ஏதோ அழுக்கு படிஞ்சிருக்கு. தொட்டிக்கு முன்னாடி மங்கலாத் தெரியுது பாருங்க."

"அழுக்கில்ல. அது சாம்பிராணிப் பொகை..."

சொல்லி முடிப்பதற்குள் சுமையாவுக்கே பிடிபட்டுவிட்டது. தொட்டிக்குக் காற்று ஊதும் மோட்டார் பக்கத்து அலமாரியில் இருக்கிறது. அறையில் இருக்கும் காற்றைத்தான் அது இழுக்கும். புகையை இழுத்து, குமிழி குமிழியாகத் தண்ணீருக்குள் விட்டிருக்கிறது. அதற்குத்தான் மீன் மிரண்டு பாறையில் மோதியிருக்கிறது. மீனுக்கு முடியவில்லை என்று ஆன பிறகு அவள் தூபக்காலைத் தொட்டிக்கு நேராகப் பிடித்து துஆ செய்தாள். மீன் எவ்வளவு தவித்ததோ அவ்வளவு தூள் அள்ளிப் போட்டாள்.

பஸ்ஸில் திரும்பும்போதுதான் அடுத்த எண்ணம் வந்து விழுந்தது. ரமலானில் தினமும் அல்லவா சாம்பிராணி போட்டாள்? பெரிய உடம்பு, பெரியவள் தாங்கிக்கொண்டாள். சின்னவனுக்கு ஆற ஒரு நாளாவது கிடைத்ததா? சேலைத் தலைப்பை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். முன் சீட்டுக்காரி திரும்பிப் பார்த்தாள். பார்க்கட்டும் என்று அழுதாள்.

இறங்கும்போது கண்ணைத் துடைத்திருந்தாள். அன்றே மோட்டாரின் காற்றுக் குழாய்க்கு ஜன்னல் வழியாக வெளிக்காற்றைக் கொடுத்தாள். பாதித் தண்ணீரை மாற்றினாள். டாக்டர் கொடுத்த கரியை வடிகட்டியில் போட்டாள். வால் மெல்ல வளர்ந்து கூடியது. வியாழக்கிழமைகள் வந்து போயின. பெரியவள் பாறைக்கடியிலிருந்து வெளியே வந்து தீனிக்கு முட்டி மோதினாள்.

டாக்டர் போனில் சொன்னார்: "மறுபடி ஒரு தடவ கொஞ்சூண்டு பொகை போட்டுப் பாத்தா முழுசா உறுதியாயிரும்க்கா."

"அந்தச் சோதனை ரமலான்லயே முடிஞ்சிருச்சுங்க. சின்னவன் செஞ்சு காட்டிட்டுப் போயிட்டான்."



அடுத்த வெள்ளி ராவில் ஜாஃபர் வீடியோ காலில் வந்தார். தொட்டியைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். "கூடத்துல பொகையே காணோம். சாம்பிராணி போடலியா?"

"போட்டேன். மொட்டை மாடியில."

பிறகு எல்லாவற்றையும் சொன்னாள், சின்னவனைக் கொன்றது எது, யார் கை என்பது உட்பட. அவர் பெரியவளைக் கிட்டே காட்டச் சொல்லிப் பார்த்தார். பிறகு, "சரி, பெரியவ தனியாத்தானே கெடக்கா. ஜோடி வாங்கிரவா?" என்றார்.

சுமையா தொட்டியைப் பார்த்தாள்.

"இருங்க மச்சான். மொதல்ல இவ ஒரு ரமலானத் தாண்டட்டும்."